வாந்திபேதி கண்ட தெருவில் பெயர்ப் பட்டியல் எதற்கு?

கேள்வி: கடலூர் முதுநகர்ப் பகுதியில் மகளிர் சுயஉதவிக் குழு நடத்துகிறேன். எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வாந்திபேதி. ஒருவருக்குக் காலரா என்று உறுதியாகிவிட்டது. நோயாளிகளின் பெயர்களை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்கள் பெண்களிடம் மீன் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: பெயர்களைப் போடாதீர்கள், அம்மா. காலராக் கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. ஆனாலும் அவர்களுடைய மலத்தில் கிருமி சில நாள்கள் வெளியேறும் என்பதால், நான்கு பெயர்கள் கொண்ட பட்டியல் மற்ற வீட்டாருக்கு வீண் தைரியத்தையே கொடுக்கும். அடுத்துப் பேதி காணும் வீடோ, பெயர் வெளியாகிவிடும் என்று அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்ளும். கடுமையான காலராவில் உடலின் நீர் வற்றிச் சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடும் என்பதால், அந்த அச்சம்தான் எனக்குப் பெரும் கவலை. கொரோனா நோயாளிகளின் வீட்டு வாசலில் உரிய அதிகாரியின் உத்தரவின்றிச் சுவரொட்டி ஒட்டக் கூடாதென 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது.

பெயர் விவரம் சுகாதார ஊழியரிடம் மட்டும் போகட்டும். நீங்கள் தண்ணீரைப் பின்தொடருங்கள். சாக்கடைக்குள் கிடக்கும் குடிநீர்க் குழாயில் ஒரு சிறு விரிசல் இருந்தால் போதும்; தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் கழிவுநீர் உள்ளே இழுக்கப்பட்டு, மறுநாள் முதல் குடத்தில் வந்து விழும். எனவே தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் அளவைச் சோதிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். சோதனைக் குப்பியில் மருந்துத் துளி விட்டதும் மஞ்சள் நிறம் வர வேண்டும். நிறமே வராவிட்டால் அந்த நீரில் குளோரின் இல்லை. தொற்றுக் காலத்தில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதுவரை எல்லோரும் நீரை நன்கு கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைத் தூள் பொட்டலங்களைத் தெருவின் எல்லா வீடுகளுக்கும் கொடுங்கள். எந்த வாசலில் ஊழியர் நின்றார் என்பதை வைத்து நோயாளியைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் உப்பின் அளவு தவறிவிடும்.

மீனைப் பொறுத்தவரை, பேதி உள்ளவர் குணமாகும் வரை விற்கவோ சமைக்கவோ வேண்டாம். மற்றவர்கள் சோப்பால் கை கழுவி, குளோரின் கலந்த நீரால் மீனை அலசி விற்கலாம். கொதிக்கும் குழம்பில் இந்தக் கிருமி பிழைப்பதில்லை. இதைப் பக்கத்துத் தெருவில் நீங்கள் சொல்வதைவிட, சுகாதார ஆய்வாளரே நேரில் வந்து சொல்லும்படி கேளுங்கள்.