துண்டு விழுகிற இடம்

கேள்வி: மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு மாத பட்ஜெட் போடக் கற்றுக்கொடுக்கிறேன். கைக்கு வருவதில் 50 விழுக்காடு தேவைக்கு, 30 விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கு என்று பிரித்து அட்டவணை போடச் சொன்னேன். அழகாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் வாரம் விசாரித்தால் ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்கே தப்பு?
– ஓர் ஆசிரியை

பதில்: அட்டவணையை முதலில் கொடுத்ததுதான் தப்பு, டீச்சர்.

நான் அலுவலகத்தில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன். ஆனால் விடுதியில் தங்கிப் படித்தபோது போட்ட முதல் பட்ஜெட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். 14 தலைப்பு, சிவப்பு மையில் அடிக்கோடு. 23-ம் தேதி கையில் ஒன்றுமில்லை, அறைத்தோழனிடம் கைமாற்று. எங்கே உதைக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். 13 தலைப்பில் எதுவும் பெரிதாக எல்லை தாண்டவில்லை. கடைசி வரியில் ‘இதர’ என்று எழுதி, அதற்குப் போனால் போகிறதென்று ஒரு சின்னத் தொகை ஒதுக்கியிருந்தேன். நகல் எடுத்தது, செருப்பு தைத்தது, நண்பனின் பிறந்தநாளுக்குக் கொடுத்த பங்கு, தொலைத்துவிட்டு மறுபடி வாங்கிய பேனா என்று எல்லாம் அதற்குள் போயிருந்தன. மாதத்தின் பெரிய செலவே ‘இதர’தான்!

அதனால் முதல் மாதம் பட்ஜெட் வேண்டாம். செலவானதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். தேதி, எதற்கு, எவ்வளவு, அவ்வளவுதான். ‘வீண் செலவு’ என்று யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்த வாரம் பொய்க் கணக்கு வரும். மாத முடிவில் அந்தச் செலவுகளை அவர்களே இனம் பிரிக்கட்டும். தலைப்புகள் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். ‘இதர’வில் ஒரே மாதிரிச் செலவு மூன்று தடவை வந்தால் அதற்குத் தனித் தலைப்பு. இது நான் வைத்துக்கொண்ட சட்டம், இன்றுவரை மாற்றவில்லை.

இரண்டாம் மாதம் திட்டம். அப்போது இரண்டு இடத்தில் துண்டு விழும். ஒன்று, வாரச் செலவை நாலால் பெருக்குவது. எல்லாரும் செய்வார்கள். வருடத்துக்கு 52 வாரம். 12 மாதத்துக்கு நாலு நாலாகக் கணக்கிட்டால் 48 வாரம்தான் வருகிறது. மீதி 4 வாரத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்? கரும்பலகையில் இந்த ஒரு கழித்தலைப் போட்டுக் காட்டுங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சராசரி மாதத்துக்கு 4.33 வாரம். வாரத்துக்கு 60 செலவாகிறது என்றால் மாதத்துக்கு 240 இல்லை, 260. இன்னொன்று, எப்போதோ வருகிற செலவு. தேர்வுக் கட்டணம் வருடத்துக்கு ஒரு முறை வருகிறதென்றால் அதைப் 12-ஆல் வகுத்து மாதாமாதம் எடுத்துவைக்க வேண்டும். அது ‘திடீர்ச் செலவு’ இல்லை. தேதி தெரிந்த செலவு.

அப்புறம், திட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஆனது’ என்று ஒரு பத்தி, அதற்குப் பக்கத்தில் ‘வித்தியாசம்’ என்று இன்னொன்று. மதிப்பெண் போடுவதானால் இந்த மூன்றாவது பத்திக்குப் போடுங்கள். திட்டமும் செலவும் அச்சாகப் பொருந்துகிற நோட்டு கண்ணில் பட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அந்த 50-30-20 பற்றி. அமெரிக்காவில் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-ல் எழுதிப் பரவலாக்கிய கணக்கு அது. வரி போகச் சம்பளம் வாங்கி, வாடகை கட்டி, குடும்பம் நடத்துகிறவர்களை மனதில் வைத்துச் சொன்னது. சாப்பாடும் கூரையும் பெற்றோர் பொறுப்பில் இருக்கிற பிள்ளைக்குத் ‘தேவை’ 50 விழுக்காடு எப்படி வரும்? இடம் நிரப்ப எதையாவது எழுதியிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கைச்செலவுக்கே காசு வராத பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கும். யாருடைய நோட்டையும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லாதீர்கள். மொத்தத்தை 100 என்று வைத்துப் பங்கு போடச் சொன்னால் யாருக்கு எவ்வளவு வருகிறது என்பது வெளியே தெரியாது. காசே வராதவர்களுக்கு நீங்களே ஒரு கற்பனை மாணவனின் செலவுச் சீட்டுகளைத் தயாரித்துக் கொடுங்கள்.

கேள்வி: எல்லாம் செல்போன் செயலியே கணக்குப் போட்டுத் தருகிறதே, நோட்டு எதற்கு?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: கூட்டல் கழித்தலுக்குச் செயலியே மேல், தம்பி. ஆனால் தானாகப் பதிவாகிற செலவைப் பலர் பார்ப்பதே இல்லை. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-ல் குடும்பங்களுக்காக ‘ககேய்போ’ என்ற கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். கையால் எழுதும் அந்தப் பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. எழுதும்போது ஒரு நிமிடம் அந்தச் செலவோடு உட்கார வேண்டியிருக்கிறது, அதுதான் விஷயம். நான் சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதம் வைத்திருக்கிறேன். ராத்திரி சட்டையைக் கழற்றும்போது எழுதுவேன். எடுக்க மறந்து துவைக்கப் போட்டு, இரண்டு வாரக் கணக்கு கூழானதும் உண்டு. அந்த மாதம் மட்டும் ‘இதர’ என்றுதான் எழுதினேன்.