பிராந்திய விமான நிறுவனத்தில் முதல் ஆண்டுச் சம்பளம்: கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பிராந்திய விமான நிறுவனம் ஒன்றில் 2007இல் துணை விமானியாகச் சேர்ந்து, இப்போது தலைமை விமானியாகப் பறந்து வருகிறேன். புதிதாகச் சேரும் விமானிகளின் தொடக்கச் சம்பளத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பிராந்திய நிறுவனம் என்று நான் குறிப்பிடுவது, அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் ஆகிய பெரிய நிறுவனங்களுக்காக 76 இருக்கைகள் வரையிலான சிறிய ஜெட் விமானங்களை இயக்கும் என்வாய், பி.எஸ்.ஏ., எண்டெவர், ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்ற நிறுவனங்களையே.

கேள்வி: முதல் ஆண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்கிறார்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,87,000 டாலர் வருகிறதே, உண்மையில் அவ்வளவு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. புதியவர்கள் பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அந்த 90 டாலர் வேலை நேரத்துக்கான கூலி அன்று. விமானம் நகரும் நேரத்துக்கான கூலி. கதவு மூடி, பார்க்கிங் பிரேக்கைத் தளர்த்தி, விமானம் கேட்டை விட்டுப் பின்னால் தள்ளப்படும்போது கணக்கு தொடங்குகிறது. சேருமிடத்தில் பிரேக்கைப் போட்டுக் கதவைத் திறந்ததும் முடிந்துவிடுகிறது. அண்மையில் ஒரு நாள் காலை 5 மணிக்கு விமான நிலையத்தில் ஆஜரானேன். என்னுடன் வந்த துணை விமானி இருட்டில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, சக்கரங்கள், பிரேக் தேய்மானம் காட்டும் ஊசிகள், எஞ்சின் முகப்பு என்று விமானத்தைச் சுற்றிவந்து சோதித்தார். இரண்டு பறத்தல்களை முடித்து, மூன்று மணி நேரம் காத்திருந்து, மூன்றாவதையும் முடித்து விடுதிக்குக் கிளம்பியபோது மாலை 4 மணி. பதினொரு மணி நேரம் சீருடையில் இருந்த அந்த நாளில், சம்பளக் கணக்கில் ஏறியது 5 மணி 20 நிமிடம்.

ஆகவே நீங்கள் பெருக்க வேண்டிய எண், ஒப்பந்தம் உறுதி செய்யும் மாதாந்தரக் குறைந்தபட்ச மணிநேரம். அது பல நிறுவனங்களில் 75 மணியை ஒட்டி இருக்கும். 90ஐ 75ஆல் பெருக்கினால் மாதம் 6,750 டாலர்; ஆண்டுக்கு 81,000 டாலர், வரிக்கு முன்பாக. கூடுதலாகப் பறந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும், ஓராண்டில் 1,000 மணிக்கு மேல் பறக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வெளியூரில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் இரண்டு டாலர் படி தருவார்கள். அது சாப்பாட்டுச் செலவுக்கே போய்விடும், அதைச் சம்பளத்தோடு கூட்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: முன்பு இதே வேலைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர்தான் கொடுத்தார்கள் என்று படித்தேன். நம்ப முடியவில்லை. உண்மையா?

பதில்: முழுக்க உண்மை. நான் சேர்ந்தபோது மணிக்கு 22 டாலர், உறுதி செய்யப்பட்டது 75 மணி. மாதம் 1,650 டாலர். கல்விக் கடன் தவணை போக மீதியில் வாடகை கொடுக்க முடியாமல், எட்டுப் பேர் பங்கிட்டுக்கொண்ட ஒரு வீட்டில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துத்தான் முதல் குளிர்காலத்தைக் கழித்தேன். எனக்குப் பின்னால் 50 பயணிகள் அமர்ந்திருந்தார்கள். முன்னறையில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்பது அவர்களில் எவருக்கும் தெரியாது.

அது தெரியவந்தது ஒரு விபத்துக்குப் பிறகு. 2009 பிப்ரவரி 12 அன்று இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் 3407 விமானம் தரையிறங்கும் முன் வேகம் இழந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் உயிரிழந்தனர். வேகம் குறைந்த எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறான முறையில் எதிர்வினை ஆற்றியதே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தீர்மானித்தது. ஆனால், அதே விசாரணையில்தான் துணை விமானியின் வாழ்க்கையும் வெளிச்சத்துக்கு வந்தது. சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டில் வசித்த அவர், முந்தைய இரவு சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வழியாக நியூவார்க்குக்கு வந்து வேலையில் சேர்ந்திருந்தார். அவருடைய ஆண்டுச் சம்பளம் 16,000 டாலர் அளவு என்று முதலில் சொல்லப்பட்டது. நிறுவனம் பின்னர் அதை 24,000 டாலரை ஒட்டிய தொகை என்று திருத்தியது. எதை எடுத்துக்கொண்டாலும், நியூவார்க் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கப் போதுமான பணம் அது இல்லை.

இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடியதால் 2010இல் சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் ஏ.டி.பி. எனப்படும், விமானி உரிமங்களில் மிக உயர்ந்த உரிமம் கட்டாயமாயிற்று, அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும். 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன. சட்டம் சம்பளத்தைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. ஆனால், அவ்வளவு அனுபவத்தைச் சொந்தச் செலவில் சேர்த்தவர் 20,000 டாலருக்கு வர மறுத்தார். 2016 பிப்ரவரியில் ரிபப்ளிக் நிறுவனம் விமானிகள் போதாமையையும் ஒரு காரணமாகக் கூறித் திவால் பாதுகாப்புக் கோரியது. பெருந்தொற்றுக் காலத்தில் பெரிய நிறுவனங்களின் மூத்த விமானிகள் பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றதும் நெருக்கடி முற்றியது. 2022 ஜூனில் அமெரிக்கன் குழுமத்தின் என்வாயும் பீட்மான்ட்டும் முதல் ஆண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. மேசா 100 டாலர் என்றது. மற்றவர்களும் உயர்த்த வேண்டியதாயிற்று. விமானிகளுக்குப் பஞ்சம் என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். பழைய சம்பளத்துக்கு வேலை செய்ய ஆள் கிடைக்கவில்லை என்பதே சரியான விவரிப்பு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் மகன் பறத்தல் பயிற்சிக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்கியிருக்கிறான், நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது பயிற்றுநராக இருந்து மணிநேரம் சேர்க்கிறான். விமான நிறுவனத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கடன் சுமை குறைந்துவிடுமா?

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. சேர்ந்துவிட்டால் தவணையைத் தாங்கக்கூடிய சம்பளம் இன்று இருக்கிறது. ஆனால் முதல் ஆண்டிலேயே சுமை இறங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். முதல் இரண்டு, மூன்று மாதங்கள் வகுப்பறையிலும் சிமுலேட்டரிலும் கழியும். அப்போது கிடைப்பது குறைந்தபட்ச உறுதித் தொகை மட்டுமே, சில இடங்களில் அதைவிடக் குறைவு. அதற்கும் மேலாக நீங்கள் கவனிக்க வேண்டியது, சேருவதற்கு முந்தைய இடைவெளி. 2022இல் 1,500 மணி முடித்த மறு வாரமே அழைப்பு வந்தது. 2024 முதல் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்ததால் பிராந்திய நிறுவனங்களிலும் இடம் காலியாவது தாமதமாகி, தகுதி பெற்ற இளைஞர்கள் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பயிற்றுநர் வேலையில் மழை, மேகம் என்று பறக்க முடியாத நாளுக்கு வருமானமும் இல்லை. எனவே கடன் தவணை எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதை ஒப்பந்தத்தில் இன்றே பாருங்கள். தள்ளிவைக்க வழி இருந்தால், அதைத் தவணை தவறும் முன்பே கேட்பது நல்லது. மகன் நான்காண்டு விமானத் துறைப் பட்டத்தை அங்கீகாரம் பெற்ற கல்லூரியில், பறத்தல் பயிற்சியோடு சேர்த்து முடித்திருந்தால், 1,500க்குப் பதில் 1,000 மணியே போதும் என்ற விதிவிலக்கு அவருக்குப் பொருந்துமா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: இரண்டு நிறுவனங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று சேரும்போதே பெரிய போனஸ் தருகிறது. மற்றதில் போனஸ் இல்லை, ஆனால் என் ஊரிலேயே பணித்தளம் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தளம் உறுதியாகக் கிடைக்கும் என்றால் இரண்டாவதை. வேறு ஊரில் தளம் அமைந்தால், ஒவ்வொரு பணிச்சுற்றுக்கும் முந்தைய நாளே கிளம்பி, இருக்கை காலியாக இருந்தால் ஏறிப் போய், அங்கே படுக்க இடத்துக்கும் வாடகை கொடுக்க வேண்டும். இந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. போனஸைப் பொறுத்தவரை, எத்தனை ஆண்டு கட்டாயம் இருக்க வேண்டும், இடையில் விலகினால் முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டுமா, இருந்த காலத்தைக் கழித்துக்கொண்டு மீதியையா என்பதை எழுத்தில் பாருங்கள். என் நண்பர் ஒருவர், தந்தையின் உடல்நலக் குறைவால் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வேலையை விட்டார். அவருடைய நிறுவனம் முழுத்தொகையையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

கேள்வி: ரிசர்வ், அதாவது அழைத்தால் உடனே வரத் தயாராகக் காத்திருக்கும் பணி என்றால் சம்பளம் குறையுமா?

பதில்: குறையாது. அழைக்காவிட்டாலும் உறுதித் தொகை வரும். நாள்தான் உங்கள் கையில் இருக்காது.

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டும் அமெரிக்க உரிமமும் இருந்தால் சேரலாமா?

பதில்: உரிமம் மட்டும் போதாது. கிரீன் கார்டு போல, அங்கே நிலையாக வேலை செய்யும் உரிமையைப் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கின்றன. பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: தலைமை விமானியாக எவ்வளவு காலம் ஆகும்? அதுவரை இந்தச் சம்பளம் குறையாமல் இருக்குமா?

பதில்: விதிப்படி, விமான நிறுவனப் பணியில் குறைந்தது 1,000 மணி பறந்திருக்க வேண்டும், அதை இரண்டு ஆண்டுக்குள் எட்டலாம். அதன் பிறகு பணிமூப்பு எண் முடிவு செய்யும். 2022 உயர்வின்போது என்வாயில் புதிய தலைமை விமானிக்கு மணிக்கு 146 டாலர் என்று நிர்ணயித்தார்கள் என்பதால், அந்தப் படியை எவ்வளவு விரைவில் ஏறுகிறீர்கள் என்பதே மொத்த வருமானத்தை மாற்றும்.

குறையுமா என்ற கேள்விக்கு, ஒப்பந்தம் இருக்கும்வரை நிறுவனம் தானாகக் குறைக்க முடியாது. விமான நிறுவனங்களுக்கும் பொருந்தும் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும் இந்த ஒப்பந்தங்கள், காலம் முடிந்தாலும் புதியது கையெழுத்தாகும்வரை நீடிக்கும். ஆனால் அந்த 90 டாலரில் ஒரு பகுதி, 2024 ஆகஸ்ட் வரைக்குமான தற்காலிக உயர்வு என்றுதான் முதலில் எழுதப்பட்டிருந்தது. உங்களுக்குச் சொல்லப்படும் எண்ணில் எவ்வளவு நிரந்தரம் என்று நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள். நிறுவனமே மூடப்பட்டால் எந்த ஒப்பந்தமும் காக்காது. 2020இல் காம்பஸ், டிரான்ஸ் ஸ்டேட்ஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் ஆகிய மூன்றும் பறப்பதை நிறுத்தின. பணிமூப்பை அடுத்த நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. அப்படி வந்த ஒருவருடன் பிறகு பறந்திருக்கிறேன். எனக்கு மூத்தவர், பல ஆண்டுகள் தலைமை விமானியின் இடது இருக்கையில் அமர்ந்தவர், அன்று துணை விமானியின் வலது இருக்கையில் அமர்ந்து எனக்குச் சோதனைப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். பழைய அனுபவத்தைச் சம்பளத்துக்குக் கணக்கில் எடுக்கும் நிறுவனங்களும் இப்போது இருக்கின்றன. அந்த விதி எழுத்தில் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.