டிரான்ஸ் சைபீரியன் ரயிலில் போகும்போது வழியில் ஒரே ஓர் ஊரில் இறங்கலாம் என்றால் எங்கே இறங்குவீர்கள்?

உலான் உதே.

பெரும்பாலானவர்கள் இர்குட்ஸ்க் என்பார்கள். நல்ல ஊர்தான், பைக்கால் ஏரிக்குப் போய்வர வசதி. ஆனால் மாஸ்கோவில் ஏறி மூன்று நாள் பிர்ச் மரங்களையே பார்த்து வந்தவனுக்கு அங்கேயும் ரஷ்ய முகங்கள், ரஷ்ய தேவாலயங்கள், ரஷ்யச் சாப்பாடு. இன்னும் ஏழெட்டு மணி நேரம் பொறுத்துக்கொண்டால் உலான் உதே வந்துவிடும். மாஸ்கோவிலிருந்து சுமார் 5,640 கி.மீ. அங்கே இறங்கும்போதுதான் "அடேயப்பா, ஆசியாவுக்குள் வந்துவிட்டோம்" என்பது உறைக்கும்.

நான் போனது 2017 செப்டம்பர் கடைசியில், சித்தப்பாவோடு. அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்திலேயே நீளமான ரயில் பாதையில் ஒரு முறை போய்விட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. மாஸ்கோ முதல் விளாதிவஸ்தோக் வரை 9,288 கி.மீ. அவரைப் பொறுத்தவரை நடுவில் இறங்குவதே பாவம். "ரயில்ல போகத்தானேடா வந்தோம், ஊரு பாக்கவா வந்தோம்?" என்று கடைசி வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ரயில் அவருக்குச் சொர்க்கம். நாங்கள் எடுத்தது பிளாட்ஸ்கார்ட் வகுப்பு, நம் ஸ்லீப்பர் மாதிரி கதவில்லாத பெட்டி. ஏறியதுமே எண்ணிவிட்டார். 54 படுக்கை, நம்முடையதில் 72. தண்டவாளத்தின் அகலம் 1,520 மி.மீ., நம் அகலப்பாதை 1,676. "நம்ம லைன்தான்டா பெருசு" என்பதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி. பெட்டிக்குப் பொறுப்பான அம்மாவைப் பிரவத்நீத்ஸா என்பார்கள். பெட்டியின் ஒரு முனையில் எப்போதும் வெந்நீர் கொதிக்கும் பாய்லர். அதன் தயவில் கப் நூடுல்ஸும் டீயுமாக மூன்றரை நாள் ஓடியது. டீ குடிக்க, உலோகப் பிடி போட்ட கண்ணாடி டம்ளரைப் பிரவத்நீத்ஸாவே கொடுப்பார்.

பெரிய ஸ்டேஷன்களில் வண்டி இருபது முப்பது நிமிடம் நிற்கும். அப்போது ஊழியர்கள் நீளக் காம்புள்ள சுத்தியலோடு பெட்டி பெட்டியாகத் தட்டிக்கொண்டே போவார்கள். விரிசல் விட்ட சக்கரம் மந்தமாக ஒலிக்கும், நல்ல சக்கரம் மணிபோல ஒலிக்கும். நடுராத்திரி என்றாலும் சித்தப்பா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வந்து படுப்பார்.

இறங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட் எடுத்துவிட்டு நினைத்த இடத்தில் இறங்கி ஏறும் யோசனை வேண்டாம். மாஸ்கோ–உலான் உதே ஒன்று, உலான் உதே–விளாதிவஸ்தோக் ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நான் கோட்டைவிட்டது வேறோர் இடத்தில். அந்தக் காலத்தில் ரஷ்யா முழுக்க ரயில் டிக்கெட்டில் மாஸ்கோ நேரம்தான் இருக்கும். ஸ்டேஷன் கடிகாரமும் அதையேதான் காட்டும். உலான் உதே மாஸ்கோவைவிட ஐந்து மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் 10:40 என்று இருந்ததைப் பார்த்து, தங்கப்போகும் வீட்டு அம்மாவுக்குக் காலை பத்தே முக்காலுக்கு வருகிறோம் என்று எழுதிவிட்டேன். ரயிலில் இதைச் சொன்னதும் சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ரயில்வேக்கு ஒரே மணிதான்டா. ஊருக்கு ஊர் மணியை மாத்தினா வண்டி எப்படி ஓடும்?" அதற்குள் போனில் சிக்னல் போய்விட்டது. (2018 ஆகஸ்ட் 1-லிருந்து டிக்கெட்டில் உள்ளூர் நேரமே போடுகிறார்கள். இனி யாருக்கும் அந்தக் குழப்பம் வராது.)

கடைசி நாள் காலையில் பைக்கால். அதற்காகவே அந்தப் பகுதியைப் பகலில் கடக்கிற வண்டியாகப் பார்த்து எடுங்கள். கிழக்கே போகும்போது ஏரி இடப்பக்கம். கிட்டத்தட்ட 200 கி.மீ. தூரம் தண்டவாளம் கரையை ஒட்டியே போகிறது. சில இடங்களில் ஜன்னலுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு கல் மட்டும்தான். 1,642 மீட்டர் ஆழம், உலகிலேயே ஆழமான ஏரி. அக்கரை தெரிகிற இடத்தில் மலை, தெரியாத இடத்தில் கடல் மாதிரி வெறும் நீலம். மூன்று மணி நேரம் பெட்டியில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. வழியில் ஒரு ஸ்டேஷனில் புகையிட்ட ஓமுல் மீன் விற்றார்கள். பைக்காலில் கிடைக்கிற மீன். புரட்டாசி மாதம் என்பதால் சித்தப்பா கவிச்சி தொட மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒன்று வாங்கி எலும்பு மிச்சமில்லாமல் தின்றேன். அடுத்த மாதமே வியாபாரத்துக்கு ஓமுல் பிடிக்கத் தடை போட்டுவிட்டார்கள், மீன் அவ்வளவு குறைந்துபோயிருந்ததாம்.

பிற்பகல் 3:40-க்கு உலான் உதே. வீட்டு அம்மா காலை பத்து மணியிலிருந்து எங்களுக்காகக் காத்திருந்தாராம், வேலைக்குக்கூடப் போகாமல். எனக்குக் கூசிப்போய்விட்டது. போனில் மொழிபெயர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் மாஸ்கோ, மாஸ்கோ என்று தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். சித்தப்பா பையைத் திறந்து கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அதோடு பஞ்சாயத்து முடிந்தது. மூன்றரை நாளுக்குப் பிறகு குளித்த அந்தக் குளியலைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் நீண்டுவிடும். குளித்துவிட்டுப் படுத்தால் கட்டில் ஆடுகிறது. ராத்திரி முழுக்க ஆடியது.

ஊர் 1666-இல் கொசாக்குகள் என்ற ரஷ்யக் குதிரைவீரர்கள் போட்ட குளிர்காலக் குடிசையில் தொடங்கியது. 1934 வரை வெர்க்நெவூதின்ஸ்க் என்று பெயர். உலான் என்றால் புரியாத் மொழியில் சிவப்பு, உதே ஊரில் ஓடும் ஆறு. அது இங்கேதான் செலெங்கா ஆற்றில் கலக்கிறது. மங்கோலியாவிலிருந்து வரும் செலெங்கா பைக்காலில் போய் விழுகிறது. புரியாத் மக்கள் மங்கோலியர்களின் பங்காளிகள். தெருவில் ரஷ்ய முகமும் புரியாத் முகமும் கலந்தே நடக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்தால் யார் யார் என்று சொல்லவே முடியாது.

நடுச் சதுக்கத்தில் லெனின் தலை. தலை மட்டும். 7.7 மீட்டர் உயரம், 42 டன், 1971-இல் வைத்தது. உலகிலேயே பெரிய லெனின் தலை இதுதான். சித்தப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "உடம்பு எங்கடா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் பழைய தொழிற்சங்கக்காரர். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குளிரில் குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கல்யாணக் கோஷ்டி ஒன்று தலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது, அவர்களுக்கு அது சாதாரணம் போல.

சதுக்கத்திலிருந்து லெனின் தெரு வழியாக ஆற்றுப்பக்கம் நடந்து இறங்கினால் பழைய ஊர். வழியில் 1952-இல் திறந்த ஆபரா அரங்கம். அதைக் கட்டியவர்களில் ஜப்பானியப் போர்க் கைதிகளும் உண்டு. அதற்குக் கீழே வணிகர்களின் வீடுகள், ஜன்னல் சட்டமெல்லாம் சித்திர வேலை செய்த மரவீடுகள், பல வீடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கின்றன. சீனாவிலிருந்து எல்லையோரக் கியாக்தா வழியாக வணிகக் கூட்டங்களோடு வந்த தேயிலைதான் இந்த ஊர் வியாபாரிகளை வாழவைத்தது. தரை வழியாகத் தேயிலை போன நாடுகளில் அதற்குச் 'சாய்' என்றும், கடல் வழியாகப் போன இடங்களில் 'தே' என்றும் பெயர் நிலைத்தது என்பார்கள். அவர்களுக்குச் சாய், நமக்குத் தேயிலை. புரியாத் வீடுகளில் அந்தச் சாயில் பாலும் உப்பும் போடுகிறார்கள். முதல் வாய்க்குச் சித்தப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இரண்டாம் நாள் அவரே கேட்டு வாங்கிக் குடித்தார், ரசம் மாதிரி நினைச்சுக்கிட்டா சரியா இருக்கு என்றார்.

சாப்பாடு என்றால் பூஸ். ஊரில் போஸி என்றும் சொல்கிறார்கள். பார்க்க நம் கொழுக்கட்டைதான், உள்ளே கறி, உச்சியில் சின்ன வாய், ஆவியில் வேகவைத்தது. கையால்தான் சாப்பிட வேண்டும். ஓரத்தில் சிறிதாகக் கடித்து உள்ளே இருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சிவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டை போய்விடும், எனக்குப் போனது. சைவக்காரர்களுக்குக் கஷ்டம், மறைக்க விரும்பவில்லை. உருளைக்கிழங்கு வைத்த வரேனிகி, ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட் என்றே சித்தப்பா இரண்டு நாளை ஓட்டினார்.

இரண்டாம் நாள் முழுவதையும் இவோல்கின்ஸ்கி தத்சானுக்கு ஒதுக்குங்கள். தத்சான் என்றால் பௌத்த மடம். ஊரிலிருந்து முப்பது கி.மீ.க்குச் சற்று மேலே, மார்ஷ்ருத்கா என்கிற ஷேர் வேனில் போகலாம். ரஷ்யப் பேரரசி எலிசபெத் 1741-இலேயே பௌத்தத்தை அங்கீகரித்திருந்தார். 1930-களில் தத்சான்களை மூடி, இடித்து, லாமாக்களைச் சிறைக்கும் சாவுக்கும் அனுப்பினார்கள். பிறகு 1945-இல், ஸ்டாலின் காலத்திலேயே, இந்த ஒன்றைத் தொடங்க அனுமதி கிடைத்தது. புல்வெளி நடுவே, சதுப்பான இடத்தில், மரக்கட்டிடங்கள், வளைந்த கூரைகள். மதிலையொட்டிப் பிரார்த்தனை உருளைகள் வரிசையாக நிற்கின்றன, உருட்டிக்கொண்டே வலம் வர வேண்டும். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று முன்னால் வந்த ஐரோப்பியக் கூட்டத்துக்கு வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா அதற்குள் பாதிச் சுற்று முடித்திருந்தார்.

அங்கே ஒரு கோயிலில் தாஷி தோர்ஜோ இதிகெலோவ் என்ற லாமாவின் உடல் இருக்கிறது. 1911 முதல் 1917 வரை ரஷ்ய பௌத்தர்களின் தலைவராக இருந்தவர். 1927-இல் தியானத்தில் அமர்ந்தபடியே இறந்தார், பின்னாளில் தன்னைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாராம். 1955-இலும் 1973-இலும் லாமாக்கள் ரகசியமாகப் பார்த்தார்கள். 2002-இல் வெளியே எடுத்தபோதும் உட்கார்ந்த நிலை குலையவில்லை. நாங்கள் போன அன்று அந்தக் கோயில் கதவு மூடியிருந்தது. "நம்ம ஊரு ஜீவசமாதிதானே" என்று சித்தப்பா வெளியிலேயே நின்று கும்பிட்டார். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கதவு திறந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. மடத்துக்குள் ஒரு கண்ணாடி வீடு, அதற்குள் ஓர் அரசமரம். போதி மரம் என்று வளர்க்கிறார்கள். ஜனவரியில் மைனஸ் 30-ஐத் தொடுகிற ஊரில் வெளியே நட்டால் ஒரு வாரம் தாங்காது. நம் ஊரில் கிணற்றுச் சுவரிலும் மொட்டைமாடி வெடிப்பிலும் முளைத்து, பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிற செடி. சித்தப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இலையைப் பார்த்தார். "அரசமரத்துக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கான்டா" என்றார், கொஞ்சம் பொறாமையாகவே. பெயர்களும் அப்படித்தான். புரியாத்தியர்களில் பத்மா உண்டு, அங்கே 'பத்மா' ஆண்களுக்கும் வைக்கிற பெயர். ரத்னா உண்டு. சந்தனம் 'சந்தன்' ஆகியிருக்கிறது. சமஸ்கிருதம் திபெத்துக்கு ஏறி, மங்கோலியாவில் உருண்டு, சைபீரியாவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இப்போது போகிறவர்களுக்கு: வெளிநாட்டில் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022-லிருந்து ரஷ்யாவில் வேலை செய்வதில்லை, கையில் பணமாகக் கொண்டுபோங்கள். செப்டம்பர் கடைசியில் இரவு உறைநிலைக்குக் கீழே போய்விடும். கூட்டமும் இருக்காது, லார்ச் மரங்கள் மஞ்சளாக நிற்கும். எனக்கு அந்த மாதமே போதும். ஜூலையில் போனவர்கள் கொசுவைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் எங்கள் வண்டி. வீட்டு அம்மா வழிக்குப் பைன் கொட்டைகள் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஸ்டேஷனில் அதே சுத்தியல் சத்தம், சித்தப்பா வழக்கம்போல ஒவ்வொரு சக்கரமாகக் கேட்டுவிட்டு ஏறினார். கிளம்பிக் கால் மணி நேரம் கடந்ததும் ஸவுதின்ஸ்கி என்ற சின்ன ஸ்டேஷன். அங்கே வலப்பக்கம் ஒரு பாதை பிரிந்து தெற்கே போகிறது. மங்கோலியா வழியாகப் பெய்ஜிங் போகிற லைன் என்றேன். அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்தத் தண்டவாளம் மேட்டுக்குப் பின்னால் மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு, "இதுக்கும் தனி டிக்கெட்தான் எடுக்கணும், இல்ல?" என்றார்.