ஈய ஜிக்குக்குப் பவுடர் பெயின்ட்: ஏர்பிரஷ்ஷில் அடிக்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே தூண்டில் முள்ளில் ஈயம் வார்த்து ஜிக் தலைகள் செய்கிறேன். மீனை ஏமாற்ற மரத்தில் பொய்மீன்களும் செதுக்குகிறேன். வயிறு வெள்ளையாகவும் முதுகு பச்சையாகவும் நிறம் இழைந்து வர வேண்டும் என்பதற்காக, என்னிடம் உள்ள 0.3 மி.மீ. நாசில் ஏர்பிரஷ்ஷில் (காற்றால் பெயின்ட்டைத் தூவும் சின்னக் கருவி) பவுடர் பெயின்ட்டை, அதாவது சூட்டில் உருகி ஒட்டும் காய்ந்த பொடியைப் போட்டு அடித்துப் பார்த்தேன். இரண்டே நிமிடத்தில் அடைத்துக்கொண்டது. ஜிக் மேல் விழுந்த கொஞ்சப் பவுடரும் விரல் பட்டதும் உதிர்ந்துவிட்டது. தின்னரில் கலந்து அடிக்கலாமா? வேறு ஏர்பிரஷ் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில், தின்னர் வேண்டாம். பவுடர் பெயின்ட் அதில் சீராகக் கரையாது. பிசுபிசுத்துக் கட்டியாகும். அப்படியே அடித்தாலும் பூச்சுக்குள் மாட்டிக்கொண்ட தின்னர், கடைசியில் பூச்சை இறுக்க ஓவனில் வைக்கும்போது ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும். தீப்பிடிக்கும் ஆவியை ஓவனுக்குள் அடைப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

பவுடர் உதிர்ந்ததற்குக் காரணம் ஜிக் குளிர்ந்திருந்ததுதான். இரும்பு கேட், கிரில்லுக்கெல்லாம் பவுடர் கோட்டிங் அடிக்கும் துப்பாக்கி, துகள்களுக்கு மின்னூட்டம் கொடுத்து அனுப்புகிறது. அதனால் அவை குளிர்ந்த உலோகத்திலும் பிடித்து நிற்கும், பிறகு அடுப்பில் உருகும். ஏர்பிரஷ்ஷுக்கு அந்த வேலை தெரியாது. அது ஊதித் தள்ளும், அவ்வளவுதான். ஒட்டவைக்கும் வேலையை ஜிக்கில் இருக்கும் சூடுதான் செய்ய வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

அடைப்புக்கு வருவோம். பவுடர் துகள்கள் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான் அளவில் இருக்கும். உங்கள் நாசிலின் வாய் 300 மைக்ரான் என்றாலும், நடுவில் ஊசி நிற்பதால் துகள் போக மிஞ்சும் இடைவெளி மிகச் சிறியது. துகள் ஒன்றிரண்டாக வந்தால் போய்விடும். கூட்டமாக வந்தால் அங்கேயே ஒன்றின்மேல் ஒன்று முட்டுக்கொடுத்து நின்றுவிடும். காற்றில் துளி ஈரம் இருந்தால் இன்னும் மோசம். ஆகவே இதற்கு ஏற்றது, காற்றும் பெயின்ட்டும் நாசிலுக்கு வெளியே சந்திக்கும் எளிய வகை ஏர்பிரஷ். அடியில் பாட்டில் தொங்கும், உள்ளே நீள ஊசி ஓடாது. விலை குறைந்த மாடலே போதும். அதையும் பவுடருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பவுடர் போடாமல், அடிக்கும்போது லேசாகக் குலுக்கிக்கொண்டே இருந்தால் குழாயில் இறுகாது. கம்ப்ரசர் பக்கம் ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம்.

இனி அடிக்கும் முறை. அடிநிறத்துக்கு ஏர்பிரஷ் தேவையே இல்லை. டப்பாவில் பவுடரை நன்றாகக் கிளறிப் பஞ்சு மாதிரி ஆக்கிவிட்டு, சூடான ஜிக்கை ஓரிரு நொடி உள்ளே வீசி எடுத்தால் போதும். நிறைய செய்பவர்கள், மீன் தொட்டிப் பம்பின் காற்றை அடியிலிருந்து வடிதாள் வழியாக ஏற்றி, பவுடரைத் தண்ணீர் போலத் தளும்ப வைப்பார்கள். அதில் முக்கினால் பூச்சு இன்னும் மெல்லிசாக வரும். வெள்ளையை அடியில் போட்டால் மேலே வரும் பச்சை நன்றாக எடுக்கும்.

அப்புறம் முதுகு. முள்ளின் வளைவைக் குறடால் பிடித்து, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னில் ஜிக்கை மறுபடி சில நொடி காட்டுங்கள். வெள்ளைப் பூச்சு ஈரம் பட்டதுபோலப் பளபளக்கத் தொடங்கும். அதுதான் நேரம். ஒரு சாண் தூரத்தில், மேலிருந்து, தொட்டுத் தொட்டு அடியுங்கள். விழுந்த பச்சை முதலில் மாவு போல மங்கலாகத் தெரியும். ஓரிரு நொடியில் ஓரங்கள் கரைந்து வெள்ளைக்குள் இறங்கி மினுங்கினால் சூடு சரி. மாவாகவே நின்றால் சூடு போதவில்லை, மறுபடி காட்டுங்கள். பட்டதும் கட்டி கட்டியாகத் திரண்டால் சூடு அதிகம்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஏர்பிரஷ் காற்றே ஜிக்கைக் குளிர்வித்துவிடும். 5 கிராம் ஜிக்கில் எவ்வளவு சூடு நிற்கும்? அழுத்தத்தைக் கூட்டக் கூட்டப் பவுடர் ஒட்டாமல் பறக்கும். ஆரம்பத்தில் நானும் அழுத்தம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போய், பவுடரில் பாதியை மேசைக்குத்தான் பூசினேன். 10 பிஎஸ்ஐ (கம்ப்ரசர் காட்டும் காற்றழுத்த அலகு) அளவில் தொடங்குங்கள், பவுடர் எழும்பாவிட்டால் மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

பத்து இருபது ஜிக்தான் செய்கிறீர்கள் என்றால் என் யோசனை வேறு. மென்மையான சின்ன பிரஷ்ஷைப் பவுடரில் தோய்த்து, சூடான ஜிக்குக்கு மேலே பிடித்து விரலால் தட்டுங்கள். தூசி மழை போல இறங்கும். நிறம் இழைவது ஏர்பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வந்துவிடும், அடைப்பும் கிடையாது.

பச்சையும் மஞ்சளும் கலந்து புதுப் பச்சை கிடைக்கும் என்று பவுடர்களைக் கலக்காதீர்கள். திரவ பெயின்ட் போல அவை ஒன்றாகாது, உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். மீன் செதில் போல வேண்டுமென்றே அப்படிச் செய்தால் அழகுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து சமரசம் வேண்டாம். காற்றில் மிதக்கும் பவுடர் தீப்பிடிக்கும், அடைந்த இடத்தில் வெடிக்கவும் செய்யும். மெழுகுவத்தி, ஸ்பிரிட் விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஹீட் கன்னின் கம்பியும் உள்ளே கனன்றுகொண்டுதான் இருக்கும். சூடாக்கும் இடம் வேறு, அடிக்கும் இடம் வேறு என்று பிரித்துவிடுங்கள். மூக்குக்குத் துணி போதாது, தூசியைத் தடுக்கும் சரியான மாஸ்க் வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

பூசியதும் பளபளவென்று இருப்பதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உருகியிருக்கிறதே தவிர இன்னும் இறுகவில்லை. பாறையில் ஒரு தட்டு தட்டினால் சில்லாகப் பெயரும். ஜிக்கில் தூண்டில் நரம்பு கட்டும் வளையத்தில் அடைத்த பூச்சை, இளகி இருக்கும்போதே ஊசியால் குத்தி எடுத்துவிட்டு ஓவனில் தொங்கவிடுங்கள். பல பவுடர்களுக்கு 175 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். உங்கள் டப்பாவில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சின்ன ஓவன்களின் திருகை நம்ப முடியாது, உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். அந்த ஓவனில் பிறகு சமைக்கவே கூடாது. கீழ்முனையில் சொட்டு திரண்டால் பூச்சு தடித்துவிட்டது என்று அர்த்தம். சரியாக இறுகிய பூச்சு, தூண்டிலில் மாட்டும் ரப்பர் புழுக்களோடு ஒரே பெட்டியில் கிடந்தாலும் எளிதில் இளகாது. பவுடருக்காக இவ்வளவு மெனக்கெடுவதே இந்த உறுதிக்காகத்தான்.

ஈயம் 327 டிகிரியில்தான் உருகும், அதனால் ஓவனைத் தாங்கும். ஈயத்துக்குப் பதில் பிஸ்மத்-வெள்ளீயக் கலவைக்கு மாறும் எண்ணம் இருந்தால் உருகுநிலையைப் பார்த்து வாங்குங்கள். சில கலவைகள் 138 டிகிரியிலேயே உருகிவிடும். ஓவனைத் திறக்கும்போது தட்டில் முள் மட்டும்தான் மிஞ்சும்.

மரப் பொய்மீனுக்கும் பவுடர் ஆகாது. அந்தச் சூட்டில் மரத்தின் ஈரமும் பிசினும் வெளியேறிப் பூச்சைக் கொப்புளமாக்கும், மரமும் வெடிக்கலாம். பிளாஸ்டிக் உடலாக இருந்தால் வளைந்தே போகும். அவற்றுக்கு முதலில் ஈரம் புகாமல் அடைக்கும் சீலர், மேலே தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட், கடைசியில் காவலாக எபாக்ஸிப் பூச்சு. உங்கள் 0.3 ஏர்பிரஷ் இந்த வேலைக்குக் கச்சிதமானது. ஆனால் உள்ளே இன்னும் பவுடர் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் சேறாகிவிடும். ஊசியையும் நாசிலையும் கழற்றி, காய்ந்த சின்ன பிரஷ்ஷால் தட்டி, காற்றால் ஊதி எடுத்த பிறகே அக்ரிலிக்கை ஊற்றுங்கள்.