எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும்? குறைந்த எடை திரும்ப வந்துவிடுமா?

உங்கள் அக்காவுக்கு ஸ்லீவ், அதாவது இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குகிற ஆபரேஷன், செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அம்மா பயந்துபோய் இருக்கிறார், செய்துகொண்டால் ஆயுசு முழுக்கக் கஞ்சிதானா, நாலு வருஷத்தில் எடை திரும்ப ஏறிவிட்டால் வயிற்றை வெட்டியதெல்லாம் வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கஞ்சி சில வாரங்களுக்குத்தான். எடை திரும்ப ஏறுமா என்றால், ஏறலாம். ஏறாமல் பார்த்துக்கொள்ளவும் முடியும். ஆனால் அந்த வேலை ஆபரேஷன் தியேட்டரில் முடிவதில்லை, உங்கள் வீட்டு அடுப்படியிலும் சொந்தக்காரர்கள் வீட்டுப் பந்தியிலும்தான் நடக்க வேண்டும்.

நான் மதுரை அனுப்பானடிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்தே வேலை. 118 கிலோ இருந்தேன், சர்க்கரை இருந்தது, முழங்கால் வலி, ராத்திரி குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வரும். ஸ்லீவ் செய்துகொண்டு சில வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அதோடு நன்றாகத்தான் வாழ்கிறேன்.

ஸ்லீவில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை, சில சமயம் அதற்கும் மேல், வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை வாழைப்பழம் போல ஒடுக்கமான குழாயாக விட்டுவிடுகிறார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிற மேல்பகுதி, வெட்டி எடுக்கிற பங்கோடு போய்விடுகிறது. அதனால் கொஞ்சமாகச் சாப்பிட முடிகிறது என்பது மட்டும் இல்லை, பசியே பெரிதாகத் தெரியாது. இது ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் ஒன்றரை வருஷம். எடையும் அதற்குள்தான் வேகமாகக் குறையும். அப்புறம் பசி மெல்லத் திரும்பும், வயிறும் முன்னைவிடக் கொஞ்சம் கூட வாங்கும். பசி இல்லாத அந்த மாதங்களில் எதைப் பழகிக்கொண்டோமோ அதுதான் பின்னாடி கை கொடுக்கும். அக்காவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் எடை தானாக இறங்குகிற அந்தச் சமயத்தில் எதையும் மாற்ற வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது.

ஆரம்ப வாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், அப்புறம் இரண்டு வாரம் போல பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரத மாவு கரைத்தது, அதன்பின் மசித்தது, பிறகு குழைய வேகவைத்தது, ஆறு எட்டு வாரத்தில் ஏறக்குறைய வழக்கமான சாப்பாடு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும், உங்கள் டயட்டீஷியன் சொல்வதுதான் கணக்கு. ஆபரேஷன் அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்கவிடுவார்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. வீட்டுக்கு வந்தபிறகு காய்ச்சல், நெஞ்சு படபடவென்று அடிப்பது, வயிற்றிலோ தோளிலோ தாங்க முடியாத வலி, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இரைப்பையில் வெட்டித் தையல் போட்ட இடத்தில் கசிவு வருவது அபூர்வம்தான், வந்தால் ஆபத்து.

இந்த நாட்களில் பார்க்க வருகிற சொந்தமெல்லாம் ஆட்டுக்கால் சூப்போடு வரும். அன்பாகத்தான் கொண்டு வருகிறார்கள், எண்ணெயை எடுத்துவிட்டு ரெண்டு வாய் குடிக்கலாம். ஆனால் வடிகட்டிய சூப்பில் புரதம் கொஞ்சம்தான். அக்காவுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும், முட்டுகிற இடம் இதுதான். ரெண்டு இட்லியில் 4 கிராம் வந்தால் பெரிது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 பக்கம், பனீர் 100 கிராமில் 18 பக்கம், ஒரு சின்னக் கிண்ணம் வெந்த கொண்டைக்கடலையில் 8. கைப்பிடி அளவே சாப்பிட முடிகிற வயிற்றில் முதலில் சோற்றைப் போட்டுவிட்டால் மீனுக்கு இடம் இருக்காது. அதனால் நம் ஊர் வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் குழம்பில் கிடக்கிற மீனோ முட்டையோ, அடுத்து காய், கடைசியில் இடம் இருந்தால் ரெண்டு வாய் சோறு. எனக்கு அயிரை மீன் குழம்பு ரொம்ப உதவியாக இருந்தது, மிருதுவாக இருக்கும், தொண்டையில் நிற்காது. கொத்துக்கறியும் அப்படித்தான். கோழி நெஞ்சுக்கறி காய்ந்துபோய் இருந்தால் அடைத்துக்கொள்ளும்.

அடைத்துக்கொள்ளும் என்று சும்மா சொல்லவில்லை. நன்றாக மெல்லாமல் அவசரமாக ஒரு வாய் விழுங்கிவிட்டால் நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்த மாதிரி வலிக்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் நுரை நுரையாக வெளியே வரும். வந்தபிறகுதான் மூச்சே விட முடியும். பரோட்டா இதில் முதல் எதிரி, மைதா மாவு உள்ளே போய் மறுபடியும் உருண்டையாகிவிடும். ஒரு வருஷம் கழித்து எண்ணெய் பரோட்டாவில் ரெண்டு துண்டு தின்ன முடிந்தது, முடிந்தாலும் அதை வழக்கமாக வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, முடித்தபின்னும் அரை மணி நேரம் பொறுக்கணும். மற்ற நேரத்தில் கையில் பாட்டிலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கணும், மதுரை வெயிலுக்கு இது ரொம்ப முக்கியம். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிக்கிற வயிறு இப்போது இல்லை.

இனி, எடை திரும்ப ஏறுகிற வழிக்கு வருகிறேன். எல்லாரும் பிரியாணியை நினைத்துப் பயப்படுகிறார்கள். பிரியாணியால் ஏறுவது குறைவு, ஏனென்றால் நாலு வாயில் வயிறு போதும் என்று சொல்லிவிடும். ஏற்றிவிடுவது மிக்சர், முறுக்கு, வர்க்கி, பிஸ்கட், சீனி போட்ட டீ. மொறுமொறுப்பாக இருப்பது எச்சிலோடு சேர்ந்து கூழாகிச் சுலபமாக இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. அரைமணி கழித்து இன்னொரு கை அள்ளலாம். சோறு நாலு வாய்க்கு மேல் இறங்காத அதே வயிற்றில் ஒரு பொட்டலம் மிக்சர் சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும். என் கடையில் நாலு மணிக்கு டீ வரும், கூடவே வடையோ மிக்சரோ வரும், துணி வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், பேச்சுக்கு நடுவில் கை தானாகப் போகும். அதனால் டீக்குச் சீனியை நிறுத்தினேன், மிக்சர் டப்பா இருந்த இடத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்டல் டப்பாவை வைத்தேன். சுண்டல் மெல்லணும், வயிற்றில் நிற்கும், ரெண்டு கைக்கு மேல் யாராலும் முடியாது. வீட்டுக்கும் மிக்சர் வாங்குவதை நிறுத்திவிட்டோம். பிள்ளைகளுக்காக என்று வாங்கி வைத்துவிட்டு அக்காவை மட்டும் தொடாதே என்று சொல்வது சரியில்லை, அது நடக்கவும் நடக்காது.

ஜிகர்தண்டாவும் இதே கணக்குதான். பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், எல்லாம் குடிக்கிற சாமான், தடையே இல்லாமல் இறங்கும். பைபாஸ், அதாவது இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேராக இணைக்கிற இன்னொரு வகை எடைக் குறைப்பு ஆபரேஷன், செய்துகொண்டவர்கள் அவ்வளவு சீனியைக் குடித்தால் அரை மணிக்குள் வேர்த்து, படபடத்து, வயிறு போய், சுருண்டு படுத்துவிடுவார்கள். டம்பிங் என்பார்கள். ஸ்லீவ்காரர்களுக்கு இது அவ்வளவாக வருவதில்லை, அதாவது தப்பு செய்தால் உடம்பு உடனே அடிக்காது. அதனாலேயே நாம் கூடுதல் கவனமாக இருக்கணும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற அன்றைக்குப் பந்தலுக்குப் பந்தல் பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். நீர்மோர் எத்தனை தரம் வேண்டுமானாலும் வாங்குவேன், பானகத்தைச் சாமி பேரைச் சொல்லி ஒரு வாயோடு நிறுத்திக்கொள்வேன்.

பந்திதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாண்டி கோவிலில் கிடா வெட்டு என்று கூப்பிடுவார்கள், போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. இலையில் உட்கார்ந்து ரெண்டு துண்டு கறி சாப்பிட்டு எழுந்தால் பரிமாறுகிற பெரியம்மா விடமாட்டார். "ஏத்தா, ஒரு கரண்டி சோறு வாங்காம எந்திரிக்கிற, எங்க வீட்டுச் சாப்பாடு எறங்கலையா?" என்பார், கூட்டத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். மறைத்துப் பேசுவதைவிடச் சொல்லிவிடுவது நல்லது என்று முடிவெடுத்தேன். "வயித்துல ஆபரேஷன் பெரியம்மா, கறி போதும், கொழம்பு மட்டும் ரெண்டு கரண்டி ஊத்துங்க" என்று சொன்னால் அவருக்கும் பரிமாறிய திருப்தி, எனக்கும் தொல்லை இல்லை. இப்போது என் இலையைப் பார்த்ததும் அவரே ஈரல் துண்டாகத் தேடிப் போடுகிறார். உங்கள் அக்கா வெட்கப்பட்டால் அவருக்குப் பதிலாக நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். கூடப் பிறந்தவர் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

முகம் வாடி, கழுத்துச் சதை தொங்கி, முடி கொட்டுகிற காலம் ஒன்று வரும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை சீப்பில் கொத்தாக வந்தது, புரதமும் மாத்திரையும் ஒழுங்காக இருந்தால் திரும்ப முளைத்துவிடும், எனக்கு முளைத்தது. ஆனால் அந்தச் சமயத்தில் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன இப்படி எளச்சுட்ட, சுகர் முத்திருச்சா?" என்று கேட்பார்கள். உண்மையில் சர்க்கரை அளவு எடை குறைவதற்கு முன்னாடியே சட்டென்று இறங்கும், அதனால் மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டர் உடனுக்குடன் குறைக்க வேண்டியிருக்கும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் தாழ்ந்துபோய் மயக்கம் வரும். பிரஷர் மாத்திரைக்கும் அப்படித்தான்.

எடை முள் சில வாரம் அசையாமல் நிற்கும், முதல் மாதத்திலேயே நிற்கலாம். எனக்கு டேப் பிடித்துப் பழகின கை என்பதால் நான் டேப்பைத்தான் நம்பினேன். முள் நின்ற அதே வாரத்தில் என் அளவு ப்ளவுஸில் கை வட்டம் லூசாகி, இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு டேப் வாங்கிக் கொடுங்கள், இடுப்பு, கை, தொடை மூன்றையும் மாதம் ஒரு தரம் எழுதி வைக்கட்டும். நடைக்கு எனக்கு வண்டியூர் தெப்பக்குளம் பக்கத்தில் இருப்பது பாக்கியம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், விடிகாலையில் நல்ல கூட்டம் நடக்கும், பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. நடை மட்டும் போதாது, எடையோடு சதையும் கரையும் என்பதால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கியாவது கைக்கு வேலை கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கிறேன். அப்புறம் இது தூங்கா நகரம், ராத்திரி பதினொரு மணிக்கும் சுடச்சுட இட்லி கிடைக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். சாப்பிட்டதும் படுத்தால் நெஞ்செரிச்சல் பிடுங்கும்.

மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. சத்து மாத்திரை, பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்பு. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்பை டீயோடும் போடக் கூடாது. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இரண்டாம் வருஷம் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர், பி12 குறைவது வெளியே தெரிய வருஷக்கணக்காகும், தெரியும்போது கால் மரத்துப் போயிருக்கும். ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் போக வேண்டும். நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும், அதற்கும் உடனே போகணும். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற வலி மாத்திரையை விட்டுவிடச் சொல்லுங்கள், வயிற்றில் புண் வரும்.

ஆபரேஷனுக்கு முன்னால் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் அதிகம் என்றால் ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம், பைபாஸ் பொருந்துமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். குழந்தை பெற்றுக்கொள்கிற எண்ணம் இருந்தால் ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை குறையும்போது கரு பிடிப்பதும் சுலபமாகிவிடும் என்பதால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரலாம், அதற்கு மாத்திரை தருவார்களா என்றும் கேளுங்கள். பணத்துக்கு இன்ஷூரன்ஸை நம்பியிருந்தால், பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிட்டுப் போடுகிற கணக்கு) 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை இருந்தால்தான் பொதுவாக ஒத்துக்கொள்வார்கள். ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்று 2022-ல் வந்த மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் இன்ஷூரன்ஸ் மறுக்கலாம், காத்திருப்புக் காலமும் இருக்கும், பாலிசியைப் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

டயட்டீஷியனைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுப்படி அவர் கையில் என்றால் அவரே காதால் கேட்கட்டும். காலையில் என்ன, ராத்திரிக்கு என்ன, தீபாவளி, பொங்கலுக்கு என்ன செய்வது, எத்தனை நாளில் மீன் குழம்பு கொடுக்கலாம் என்று அவர் கேட்க வேண்டியதை அவரையே கேட்க விடுங்கள். என் அம்மா எழுதிக் கொண்டுபோன கேள்விகள் இரண்டு பக்கம் இருந்தன, அந்த டயட்டீஷியன் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார்.