அமாவாசைக்கு வைத்த சோற்றைக் காகம் தொடவே இல்லை. முன்னோர்கள் கோபமாக இருக்கிறார்களா?

கோபமெல்லாம் இல்லைங்க. நீங்கள் சமீபத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தவராக இருக்க வேண்டும். இந்தச் சந்தேகம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

முதலில் நேரம். அமாவாசையன்று தெருவே படையல் போடுகிறது. ஒரு மணிக்கு நீங்கள் இலையோடு மாடி ஏறும்போது அந்தப் பகுதிக் காகங்களுக்கு வயிறு நிரம்பியிருக்கும். ஆடி, தை அமாவாசைகளில் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது இடம். புறா வலை கட்டிய பால்கனிக்குள் காகம் வராது. சட்டென்று பறந்து தப்ப வழி தெரிந்தால்தான் இறங்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்தான் சரி. பளபளக்கும் எவர்சில்வர் தட்டு வேண்டாம், பழகாத பொருள் என்றால் மிரளும். வாழை இலைத் துண்டில் வையுங்கள். காற்றில் இலை படபடத்தாலும் வராது, ஓரத்தில் ஒரு கல்லை வையுங்கள். ஒரு கைப்பிடிச் சோறு போதும். நன்றாக ஆறவிட்டு, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, மேலே கொஞ்சம் எள். கூப்பிட்டுவிட்டு நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். செல்போனை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். காகம் நேராக வராது. பக்கவாட்டில் தத்தித் தத்தி வந்து, ஒரு பருக்கையைக் கவ்விக்கொண்டு பின்வாங்கும். அப்போது அசைந்தால் போச்சு.

அமாவாசைக்கு மட்டும் வைக்காமல் தினமும் அதே நேரம், அதே இடத்தில் வைத்துப் பழக்குங்கள். மிச்சத்தைச் சாயங்காலமே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எலிக்குத்தான் படையல்.

சம்பிரதாயத்தைக் கேலி செய்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் காக்கைச் சோறு என்றாலே முன்னோர்களுக்குச் செய்யும் பித்ரு காரியம் என்பதும் சரியில்லை. பொங்கலுக்கு மறுநாள், கணுப்பிடியன்று பெண்கள் மஞ்சள் இலையில் கலர் சாத உருண்டைகள் வைப்பது உடன்பிறந்தவர்கள் நன்றாயிருக்க. குறுந்தொகை 210-இல் தோழி, விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்குத் தொண்டி ஊரில் விளைந்த வெண்ணெல் சோற்றை நெய்யோடு ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் குறைவுதான் என்கிறாள். பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே அதனால் வந்ததுதான். அங்கே தோஷமும் இல்லை, பரிகாரமும் இல்லை. காகம் எடுக்காததை வைத்துப் பயம் காட்டிப் பரிகாரத்துக்குக் காசு கேட்கும் வீடியோக்களை முதலில் நிறுத்துங்கள்.

இன்னொன்று. புறாவுக்கு மூட்டை மூட்டையாகச் சோளம் கொட்டி மாடி முழுக்க எச்சமாக்குகிறவர்களை பல குடியிருப்புகளில் ஒரு வார்த்தை கேட்பதில்லை. காகம் இரண்டு தடவை கரைந்தால் மட்டும் கல்லைத் தேடுகிறார்கள்!