சி.என்.சி. லேத் இடித்துவிட்டதா? – கேள்வி பதில்

கே (அம்பத்தூர்): சார், ஆஃப்செட்டை (டூல் இருக்கும் இடத்தின் அளவை) தப்பாகப் போட்டதில் டர்ரெட் (டூல்களைத் தாங்கும் சுழல் தலை) ரேபிடில், அதாவது முழு வேகத்தில் போய், ஜாபைப் பிடிக்கும் சக்கில் இடித்துவிட்டது. அதிலிருந்து ட்ரில் துளை 0.2 மி.மீ. பெரிதாக வருகிறது. ஓ.டி. (வெளி விட்டம்) மட்டும் சரி. சக்கைச் சுற்றும் ஸ்பிண்டில் போய்விட்டதா?

ப: ஓ.டி.யும் ஃபினிஷும் சரியாக வந்தால் ஸ்பிண்டிலை இப்போதைக்கு விடுங்கள். என் சந்தேகம் டர்ரெட் மேல்தான். 50 மி.மீ. விட்டத்தில் டூல் முனை 0.1 இறங்கினாலும் விட்டம் அரை மைக்ரான்கூட மாறாது. ட்ரில் அப்படியில்லை, மையம் 0.1 தள்ளினால் துளை 0.2 வரை பெருக்கும். உங்கள் கணக்கும் அதுதான்.

சக்கில் மேக்னட் பேஸை (காந்த ஸ்டாண்டை) ஒட்டி, டயல் கேஜ் முனையைப் போரிங் ஹோல்டரின் துளைக்குள் விட்டு, சக்கைக் கையால் சுற்றுங்கள். மேலுக்கும் கீழுக்கும் வரும் வித்தியாசத்தில் பாதி, உயரப் பிழை. பக்கவாட்டு வித்தியாசம் எக்ஸ் (விட்டத் திசை) ஆஃப்செட்டில் போய்விடும், பயப்பட வேண்டாம். (டயல் ஸ்டாண்டு நீளமாக இருந்தால் தன் எடையிலேயே தொங்கிப் பொய் சொல்லும். குட்டையாகக் கட்டுங்கள்.) டர்ரெட்டின் மூன்று நான்கு ஸ்டேஷனில் (டூல் மாட்டும் இடங்களில்) இதையே பாருங்கள். ஒன்றில் மட்டும் பிழை என்றால் ஹோல்டர் கோணியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே அளவு என்றால் டர்ரெட்டே நகர்ந்திருக்கிறது. அப்புறம்தான் டர்ரெட்டை இடத்தில் நிறுத்தும் பின்னை எடுப்பது, போல்ட்டைத் தளர்த்திச் செம்புச் சுத்தியால் தட்டுவது எல்லாம். அளந்து எழுதி வைக்காமல் ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள்.

கே (ஓசூர்): எங்கள் மெஷினும் இடித்தது. ஸ்பிண்டில் பேரிங் மாற்ற வேண்டுமா?

ப: சத்தமா, சூடா, ரன்அவுட்டா (சுற்றும்போது ஆடுவதா), ஒன்றும் சொல்லவில்லையே. சக்கைக் கழற்றி, ஸ்பிண்டில் மூக்கில் டயல் வைத்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கே (கோவை): அண்ணே, இடித்த பிறகு இசட்டில் (நீளவாக்கில் ஓடும் அச்சில்) 0.04 மி.மீ. பேக்லாஷ், அதாவது திசை திரும்பும்போது ஆட்டம். ஃபனுக் கன்ட்ரோலில் பேக்லாஷை ஈடுகட்டும் 1851 பாராமீட்டரில் 40 (மைக்ரான்) போட்டேன், சரியாகிவிட்டது. இசட்டை நகர்த்தும் ஸ்க்ரூவின் பேரிங்கை எதற்குப் பிரிக்க வேண்டும்?

ப: தம்பி, நேற்றுவரை இல்லாத 0.04 இடித்ததும் வந்தால் அது தேய்மானம் இல்லை, எதுவோ தளர்ந்திருக்கிறது. 1851 திரும்பும்போது ஒரு நிலையான அளவைக் கூட்டும், அவ்வளவுதான். வெட்டும்போது ஸ்க்ரூ முன்னும் பின்னும் ஆடினால் அதற்கு என்ன தெரியும்?

கே (அதே கோவை): ஒரு மாதமாக நன்றாகத்தானே ஓடுகிறது?

ப: எப்போதும் சக் பக்கமாகவே வெட்டுகிறீர்கள். வெட்டு விசை அந்த ஆட்டத்தை ஒரே பக்கம் அழுத்தி வைத்திருக்கிறது. இசட் திரும்பும் ப்ரொஃபைல் ஜாப் ஒன்று வரட்டும், தெரியும். வாதம் வேண்டாம், ஸ்க்ரூ முனையிலுள்ள சென்டர் துளையில் கிரீஸ் தடவி ஒரு எஃகு குண்டை ஒட்டுங்கள். அதன் மேல் டயல். ஸ்லைடை 0.01-ஆக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முள் குதித்தால், ஸ்க்ரூவை நீளவாக்கில் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் பக்கம் கோளாறு. முள் அசையாமல் ஸ்லைடு மட்டும் பின்தங்கினால், ஸ்க்ரூவில் ஓடும் நட்டு.

கே (ராணிப்பேட்டை): இன்சூரன்ஸ் கிடைக்குமா சார்?

ப: ஏஜெண்டைக் கேளுங்கள். எதையும் கழற்றும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

கே (திருச்சி): இடித்தது, ஸ்பிண்டில் போய்விட்டதா?

ப: ஓசூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே (கோவை): அண்ணே, குண்டு வைத்தேன். முள் மூன்று கோடு குதிக்கிறது. பேரிங் லாக் நட் தளர்ந்திருக்கிறது.

ப: சரி. இறுக்கி முடித்ததும் 1851-ஐ பழைய எண்ணுக்கு மாற்றிவிட்டு மறுபடி அளங்கள். 40-ஐ அப்படியே விட்டால் இப்போது எதிர்ப்பக்கம் பிழை வரும்.